நாலு ஜிபியும் ஒன்பது ஸ்குருவும்

அக்டோபர் 6, திங்கள்

நாலு நாளாக வராத தண்ணீர் இன்று காலை வந்து தொலைத்தது. பதினொரு குடம் பிடித்து வைத்துவிட்டுக் கடைக்குப் போக இருபது நிமிடம் தாமதம். முதலாளி அண்ணாச்சி எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

குடோனில் பழைய சரக்காகப் பன்னிரண்டு லேப்டாப் கிடக்கிறது. எல்லாம் நாலு ஜிபி மெமரி. போன வருடமே போயிருக்க வேண்டியவை. தீபாவளியை ஒட்டிப் பன்னிரண்டையும் தள்ளிவிட்டால் பாளை ரோட்டில் திறக்கப்போகும் புதுக் கடையை என் பொறுப்பில் விடுவதாக அண்ணாச்சி சொன்னார். "பதினாலு வருசமா நின்னுக்கிட்டே இருக்க பொன்னு. இனி அங்க போயி உக்காரு" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. சந்தோஷத்தில் மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

அதே மாடலில் மாதிரிக்கென்று தனியாக வந்த ஒன்றை ஷோகேசில் வைக்க எடுத்தால் டச்பேட் அமுங்கவில்லை. பின்பக்கம் திறந்தேன். ஒன்பது ஸ்குரு. மெமரியைப் பலகையோடு சேர்த்தே பற்றவைத்திருக்கிறார்கள். கூடுதலாக ஒன்று செருக இடமே இல்லை. போன வருடம் வந்த இதே மாடலில் ஓர் இடம் இருந்தது. மெல்லிசாகச் செய்கிறோம் என்று அதையும் எடுத்துவிட்டார்கள். மூடும்போது ஒரு ஸ்குரு உருண்டு எங்கோ போய்விட்டது. முக்கால் மணி நேரம் தரையில் தவழ்ந்து தேடி, கடைசியில் என் சேலை மடிப்பிலிருந்து எடுத்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மூன்று போயின. இரண்டு கல்யாண மண்டபத்துக்கு, ஒன்று ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு. கடிதம் அடிக்கவும் படம் பார்க்கவும் நாலு ஜிபி தாராளம். அதில் பொய் ஒன்றுமில்லை.

அக்டோபர் 9, வியாழன்

பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். முப்பதுக்குள் இருக்கும். பெயர் ஆக்னஸ், வீடு திரேஸ்புரம். கடையில் மூன்று பேர் நின்றும் நேராக என்னிடம் வந்து, மடித்து வைத்திருந்த ஒரு தாளைப் பிரித்தாள்.

அவள் கணவர் லெரின் ஜனவரியில் துறைமுகத்தில் லாரி மேலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறாராம். "அவியள விட்டுட்டு ஒரு எட்டு வெளிய போவ முடியாதுக்கா" என்றாள். அதனால் வீட்டிலிருந்தே படித்து மெடிக்கல் கோடிங் முடித்திருக்கிறாள். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போடுகிற வேலை. பதினெட்டாம் தேதி சனிக்கிழமை ஒரு கம்பெனியின் பரீட்சை. வீட்டிலேயே எழுதலாம், ஆனால் கேமரா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தேறினால் வீட்டிலிருந்தபடியே வேலை.

தாளில் அவள் கைப்பட எழுதியிருந்தாள்: கேமரா, பரீட்சை சாப்ட்வேர், கோடு புத்தகத்தின் பிடிஎஃப் ஆயிரத்து இருநூறு பக்கம், பிரவுசர்.

"இது நாலும் ஒரே நேரத்துல ஓடணும்னா மெமரி எத்தன வேணும்க்கா?"

பதினாலு வருடத்தில் இப்படிக் கேட்டவர் யாருமில்லை. கலர் என்ன இருக்கு, பை ஃப்ரீயா என்றுதான் கேட்பார்கள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அதனால் வழக்கமாகச் சொல்வதை இன்னும் கொஞ்சம் ஆசையாகச் சொன்னேன்: "ஸ்டோரேஜ்ங்கிறது பரண். எவ்வளவு வேணாலும் தூக்கிப் போட்டுக்கிடலாம். மெமரிங்கிறது சமையல் மேடை. நாலு பாத்திரத்த ஒண்ணா வச்சி வேல பாக்கணும்னா மேடை பெருசா இருக்கணும். ஒங்களுக்கு எட்டு ஜிபி வேணும்."

எட்டு ஜிபி அவள் பட்ஜெட்டுக்கு மேலே நின்றது. அந்த மெஷினின் மூடியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

கல்லாவிலிருந்து அண்ணாச்சி, "பொன்னு, நம்ம தீபாவளி பீஸக் காமிச்சியா?" என்றார்.

காட்டினேன்.

"இது நாலுதானக்கா?"

"நாலுதான். பின்னால சேத்துக்கிடலாம். இன்னொரு நாலு வாங்கிப் போட்டா எட்டாயிரும்."

"எப்ப வேணாலுமா?"

"எப்ப வேணாலும்."

"நீங்க சொன்னா சரிக்கா" என்றாள். திரும்ப ஒரு கேள்வி கேட்கவில்லை.

பெட்டியைப் பிரிக்காமல் மாதா கோயிலில் வைத்து ஜெபித்த பிறகு பிரிக்கலாமா என்று கேட்டாள். அது எங்கள் கடை வழக்கமில்லை. வாங்குகிறவர் கையாலேயே பெட்டியின் சீலை வெட்டவைத்து, எல்லோரும் கைதட்ட, அண்ணாச்சி போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுவார். பிரிண்ட் போட்டுச் சுவரிலும் ஒட்டுவார். கத்தரிக்கோலை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். போட்டோவில் அவள் கேமராவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

இதோடு ஐந்து போயிற்று.

அக்டோபர் 10, வெள்ளி

டெய்லர் இன்னும் ஜாக்கெட்டை வெட்டக்கூட இல்லை. செவ்வாய் என்கிறான். தீபாவளி அன்று உடுத்துவதா, அடுத்த தீபாவளிக்கா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 13, திங்கள்

ஆக்னஸ் போன் செய்தாள். மாதிரிப் பரீட்சை எழுதினாளாம். இருபதாவது நிமிடம் மெஷின் அப்படியே நின்று, கேமராப் படம் உறைந்துபோய், 'நீங்கள் திரையை விட்டு விலகிவிட்டீர்கள்' என்று சொல்லி வெளியே தள்ளிவிட்டதாம்.

"நா அசையவே இல்லக்கா. கண்ணக்கூடச் சிமிட்டல."

புது மெஷினில் முதல் வாரம் அப்டேட் ஓடும், அதனால் அப்படித்தான் இருக்கும், ஆன் பண்ணியே வையுங்கள் என்றேன். அப்படியும் நடப்பது உண்டு. நடக்காத எதையும் நான் சொல்லவில்லை.

ஏழு போயிற்று.

அக்டோபர் 14, செவ்வாய்

லெரினைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆக்னஸ் கடைக்கே வந்துவிட்டாள். லேப்டாப்பைக் குழந்தையைச் சுற்றுவதுபோல் துண்டில் சுற்றி வைத்திருந்தாள்.

"அந்த இன்னொரு நாலு ஜிபியப் போட்டுருங்கக்கா. அதுக்கு எப்படியோ பணம் பெரட்டிட்டேன்."

அண்ணாச்சி மூன்றடி தள்ளி நின்றார். அந்த மெமரி இப்போது கையிருப்பில் இல்லை, சென்னையிலிருந்து வர வேண்டும், தீபாவளி கழிந்துதான் வரும் என்றேன்.

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பரிச்ச பதினெட்டுல்லாக்கா? ஒரு தடவதான். தவறுச்சின்னா ஆறு மாசம் கழிச்சித்தான் மறுபடி எழுத விடுவாவ" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "எங்க கொழுந்தன் லாரி நாளைக்கு மதுரைக்குப் போவுது. அங்க வாங்கியாரச் சொல்லட்டா?"

"வேண்டாம். ரகம் மாறிப்போச்சின்னா போர்டே எரிஞ்சிரும்" என்றேன்.

இந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தயாராக இருந்தது.

பின்னணியில் ஓடுகிற தேவையில்லாத நாலைந்து புரோகிராம்களை நிறுத்திக் கொடுத்தேன். கொஞ்சம் வேகமாக ஓடுவதுபோல் தெரிந்தது. அவள் நூறு தடவை நன்றி சொல்லி, ஒரு பொட்டலம் மக்ரூனை என் மேசையில் வைத்துவிட்டு ஓடினாள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு மணி நேரம்தான் தவணை கொடுத்திருந்தாளாம். மக்ரூனை யாருக்கும் கொடுக்காமல் குடோனில் நின்று நானே தின்று முடித்தேன்.

ஜாக்கெட் வந்துவிட்டது. கை பிடிக்கிறது.

அக்டோபர் 15, புதன்

அண்ணாச்சியிடம் கேட்டேன். அந்தத் திரேஸ்புரத்துப் பெண்ணுக்கு மெஷினை மாற்றிக் கொடுத்துவிடலாமா, மேலே ஆகிற தொகையைத் தவணையில் வாங்கிக்கொள்ளலாமா என்று.

"சீல ஒடச்சாச்சா இல்லியா?" என்றார். பதில் எதிர்பார்க்காமல் சுவரைக் காட்டினார். ஆக்னஸ் கத்தரிக்கோலோடு சிரித்துக்கொண்டிருந்தாள். "ஒடச்ச பொட்டிய நா எவன் தலையில கட்ட? ஒருத்திக்கு மாத்துனா பன்னெண்டு பேரும் வருவான். நீ கடைக்காரியா, இல்ல கன்னியாஸ்திரியா?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்தத் தீபாவளி சரியாகப் போகாவிட்டால் புதுக் கடையே கிடையாது என்பதும் எனக்குத் தெரியும்.

அக்டோபர் 16, வியாழன்

எனக்கென்ன தெரியும்? போன வருட மாடலில் இடம் இருந்தது. இதிலும் இருக்கும் என்று நம்பித்தான் அவளிடம் சொன்னேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். மெஷினைச் செய்தவன் மாற்றினால் அதற்குத் தூத்துக்குடியில் இருக்கிற பொன்னுலெட்சுமியா பொறுப்பு?

எழுதியதைத் திருப்பிப் படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. இன்றும் படிக்கப் போவதில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

பல்வலி என்று சொல்லி நாளைக்கு அரை நாள் லீவு வாங்கினேன். என் சொந்த லேப்டாப்பைத் துடைத்துச் சார்ஜில் போட்டேன். பதினாறு ஜிபி. அதை வாங்கும்போது எனக்கு யாரும் யோசனை சொல்லவில்லை.

அக்டோபர் 18, சனி

ஒன்பதே காலுக்கு அவள் வீட்டில் இருந்தேன். ஓர் அறை, அதை ஒட்டி ஒரு சமையல் இடம். மேடை என்று ஒரு கடப்பாக்கல், இரண்டு சாண் இருக்கும். அரிவாள்மனை, அஞ்சறைப்பெட்டி எல்லாம் தரையில். அன்று நான் விளக்கமாகப் பேசிய சமையல் மேடை நினைவுக்கு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பரீட்சை நடக்கும் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. அதனால் நாலு பேர் வந்து லெரினைக் கட்டிலோடு தூக்கிச் சந்தில் வைத்தார்கள். தலைக்கு மேல் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள்.

என் லேப்டாப்பை எடுத்து வைத்தேன். "இது ஒழுங்கா அப்டேட் முடிச்சது. இதுல எழுதுங்க."

"இதுவும் நம்ம மெஷின் மாதிரிதானாக்கா?"

அப்போது சொல்லியிருக்கலாம். நாற்பது நிமிடத்தில் பரீட்சை எழுதப் போகிறவளிடம் இதைப் போய்ச் சொல்வதா என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

"அதே மாதிரிதான்" என்றேன்.

பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டாள். நானும் லெரினும் சந்தில். ஒரு பையன் சரவெடியைப் பிரிக்க, லெரின் படுத்தபடியே, "ஏல, பன்னெண்டு மணி வர ஒரு வெடி கேக்கக் கூடாது. கேட்டுச்சோ, எந்திச்சி வருவேன்!" என்று கத்தினார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "எந்திக்க முடியாதுன்னு அவனுக்கும் தெரியும். மரியாதக்கி ஓடுதான்."

பதினொன்று பத்துக்குக் கரண்ட் போயிற்று. உள்ளே காற்றாடி நிற்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. நெட் அவள் போனிலிருந்து வருகிறது, அதற்குப் பயமில்லை. என் லேப்டாப் பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும். கேமரா ஓடினால் அவ்வளவு தாங்குமா என்று தெரியாது. கதவைத் தட்டிக் கேட்கவும் முடியாது.

இதோடு அவள் தோற்றால் கரண்ட்காரன்தானே காரணம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் நெஞ்சுக்குள் ஒரு சின்ன நிம்மதி. அதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

லெரின் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பதறாதியக்கா. அவ தேறிருவா" என்றார். சற்றுக் கழித்து, "அந்தக் கடக்காரக்கா சொன்னாவ, கடக்காரக்கா சொன்னாவன்னுதான் வீட்ல ஒரே பேச்சு. டாக்டரு சொன்னத நம்பாதவ, நீங்க சொன்னா நம்புதா" என்றார். தார்ப்பாயில் ஒரு கிழிசல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் பதினொன்று ஐம்பதுக்கு வந்தது. பன்னிரண்டு ஐந்துக்குக் கதவு திறந்தது. ரவிக்கை முழுக்க வேர்வையில் நனைந்து ஆக்னஸ் நின்றாள்.

"ஒரு தடவகூட நிக்கலக்கா!"

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் பல்வலிக்கு மருந்து வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவளிடம் ஏன் பல்வலி என்று சொன்னேன் என்று இப்போதுவரை புரியவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. புது ஜாக்கெட்டின் கை பிடித்ததால் பழையதையே போட்டுக்கொண்டேன். பத்து போய்விட்டது, இரண்டு மிச்சம். இந்த வாரத்துக்குள் அதுவும் போனால் திங்கட்கிழமை புதுக் கடையில் பால் காய்ச்சுவோம் என்று அண்ணாச்சி போன் செய்தார்.

அக்டோபர் 23, வியாழன்

காலை பதினொன்றரைக்கு ஆக்னஸ் கடைக்குள் வந்தாள். கையில் இனிப்புப் பெட்டி. பின்னால் அவளோடு படித்த இரண்டு பெண்கள்.

"தேறிட்டேங்க்கா!" கடை முழுக்கக் கேட்டது. "மூணாம் தேதி சேரணும். தெனம் எட்டு மணி நேரம். சொந்த மெஷின்லதான் வேல பாக்கணுமாம், நம்மகிட்டதான் இருக்கேன்னு சொல்லிட்டேன். இவிய ரெண்டு பேருக்கும் அடுத்த மாசம் பரிச்ச. பொன்னக்கா குடுத்த அதே மெஷின்தான் வேணும்னு நிக்காவ."

அண்ணாச்சி எழுந்தே வந்துவிட்டார். "ரெண்டே ரெண்டுதாம்மா மிச்சம் இருக்கு, ஒங்களுக்குன்னே வச்சிருந்த மாதிரி" என்று அவரே குடோனுக்குப் போய் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு வந்தார். கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது, "திங்கக்கிழம பாலு" என்று மெதுவாகச் சொன்னார்.

முதல் பெண் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள், போட்டோவுக்காக.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். ஷோகேசில் இருந்த மெஷினை எடுத்துக் கவிழ்த்தேன். டிராயரிலிருந்து ஸ்குரு டிரைவரை எடுத்தேன்.

"பொன்னு, என்ன செய்யுத?" என்றார் அண்ணாச்சி.

ஒன்பது ஸ்குருவையும் கழற்றும்வரை நான் எதுவும் பேசவில்லை. பேசினால் நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும். மூடியை எடுத்து ஆக்னஸ் பக்கம் திருப்பினேன்.

"இதுல மெமரி சேக்க எடமே கிடையாது. ஒங்க மெஷின்லயும் கிடையாது. நாலு நாலுதான், எட்டாவாது. நீங்க பரிச்ச எழுதுனது என் சொந்த மெஷின். அது பதினாறு."

அந்த இரண்டு பெண்களும் ஆக்னஸைப் பார்த்தார்கள். ஆக்னஸ் குனிந்து பலகையைப் பார்த்தாள். விரலால் ஓரமெல்லாம் தொட்டுத் தேடினாள். நான் சொன்ன இடம் எங்கேயாவது இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

"விக்கும்போது ஒங்களுக்குத் தெரியாதாக்கா?"

தெரியாது என்று சொன்னால் நம்பிவிடுவாள். நான் என்ன சொன்னாலும் நம்புகிறவள்.

"தெரியும். நீங்க வாரதுக்கு மூணு நாளைக்கு முன்னாடியே இதத் திறந்து பாத்தேன்."

அவள் அழவில்லை, ஏசவில்லை. இனிப்புப் பெட்டியை மேசையிலிருந்து எடுக்கவும் இல்லை. சுவர்ப் பக்கம் போய் நின்றாள்.

"என் போட்டோவ எடுத்துருங்க" என்றாள்.

நான்தான் எடுத்தேன். பசை நன்றாக ஒட்டியிருந்தது. பாதி முகம் சுவரோடு நின்றுவிட்டது, நகத்தால் சுரண்டினேன். சுரண்டி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, மூன்று பேரும் போனார்கள்.

அண்ணாச்சி கத்தவில்லை. கடைச் சாவிக்குக் கையை நீட்டினார். "ஒன்ன உக்கார வைக்கணும்னு நெனச்சேனே பொன்னு" என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். ஆறாம் தேதி என் கையெழுத்திலேயே இருக்கிறது. பதினாறாம் தேதியும் என் கையெழுத்துதான்.

அக்டோபர் 24, வெள்ளி

என் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு திரேஸ்புரம் போனேன். ஆக்னஸ் வாசலில் வழி மறித்து நின்றாள்.

"இத வச்சிக்கிடுங்க. ஒங்க மெஷின என்கிட்டக் குடுத்துருங்க. மூணாம் தேதி வேலைக்குச் சேரணும்லா" என்றேன்.

"யாரு, அக்காவா?" என்று உள்ளே லெரின் குரல். "உள்ள வாங்க, ஏன் வாசல்ல நிக்கிய?"

ஆக்னஸ் விலகினாள். லேப்டாப்பை வாங்கித் தரையில் உட்கார்ந்து, ஆன் செய்து, மெமரி எவ்வளவு என்பதை நான் வழி சொல்லாமலே தானே போய்ப் பார்த்தாள். பதினாறு என்று இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அணைத்து, கவிழ்த்து, என் பக்கம் தள்ளினாள்.

"திறங்க" என்றாள்.

ஸ்குரு டிரைவர் பையில்தான் இருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தேன். உதடு அசைய எண்ணிக்கொண்டே வாங்கினாள். மூடியை எடுத்ததும் நன்றாகக் குனிந்து, செருகியிருந்த மெமரிகளை ஒரு எட்டு, இன்னொரு எட்டு என்று விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"மூடுங்க."

மூடினேன். துண்டில் சுற்றிய நாலு ஜிபியைக் கொண்டுவந்து கொடுத்தாள், துண்டை உருவிக்கொண்டு. டீ குடித்துவிட்டுப் போகும்படி லெரின் சொன்னார். அவள் சொல்லவில்லை. நான் கிளம்பிவிட்டேன்.

பாளை ரோட்டில் வேறொரு கம்ப்யூட்டர் கடையில் ஆள் எடுக்கிறார்களாம். விண்ணப்பத்தை ஆன்லைனில்தான் போட வேண்டும். நாலு ஜிபியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். முன் அனுபவம் என்ற கட்டத்தில் பதினாலு வருடம் என்று அடித்தேன். முந்தைய வேலையை விட்ட காரணம் என்ற கட்டத்துக்குப் போனதும் மெஷின் அப்படியே நின்றுவிட்டது. அது நகரும்வரை இதை எழுதுகிறேன். இன்னும் நகரவில்லை.